முப்பத்தோரு ரோதைமுனிகள்: பார்கின்சன் மாத்திரை கையில் பென்சிலைக் கொடுத்தால் என்ன செய்வது?

மணி இரண்டு. நான் முப்பத்தோராவது ரோதைமுனிக்கு மீசை வைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து வந்த மனைவி, சாப்பாட்டு மேசை, தரை, தையல் மெஷின் என்று எங்கும் கிடந்த தாள்களைப் பார்த்தாள். "என்னங்க, நுவரெலியா மாவட்டத்து ஸ்டோருக்கெல்லாம் நீங்கள்தான் சாமி செய்து அனுப்பப் போகிறீர்களா?" என்று கேட்டாள். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வந்தது கோபம்தான். மீசையை முடிக்க விடாமல் குறுக்கே வந்து நிற்கிறாளே என்ற கோபம்.

தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்போம். அங்கே சுழலும் ரோதைகளுக்கு, அதாவது இயந்திரச் சக்கரங்களுக்கு, காவல் தெய்வம் ரோதைமுனி. தலவாக்கலைப் பக்கத்து ஸ்டோர் ஒன்றில் 28 வருடம் வேலை பார்த்து, டீமேக்கராக ஓய்வு பெற்றவன் நான். 59 வயதில், கை நடுங்கி உடம்பு இறுகும் பார்கின்சன் நோய் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடத்துக்கு நான் வாங்கிய புள்ளியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாத்திரை தொடங்கிய மூன்றாம் வருடம் ஒரு நாள் சும்மா பென்சிலை எடுத்தேன். எட்டு மாதம் கீழே வைக்கவில்லை.

உங்கள் அப்பாவோ அம்மாவோ நீங்களோ இந்த நோய்க்கு மாத்திரை எடுக்கத் தொடங்கிய பிறகு, திடீரென்று வரையவும் கவிதை எழுதவும் பாட்டுக் கட்டவும் தொடங்கினால் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியரின் வேலை. இங்கே வருவதெல்லாம் வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியவை.

மாத்திரை எந்தப் பாத்திக்குப் பாய்கிறது

ரோலரில் அரைபட்ட கொழுந்தைப் பரப்பி வைத்தால் பச்சை வாசம் மெல்லப் போய்ப் பழ வாசம் எழும். அந்த நேரத்தைப் பிடித்து டிரையருக்கு அனுப்புவதில்தான் டீமேக்கரின் பிழைப்பே இருக்கிறது. 54 வயதில் அந்த வாசம் எனக்குத் தெரியாமல் போனது. பீனிசம் என்று நினைத்து ஆவி பிடித்தேன். கொழுந்தின் நிறத்தையும் மணிக்கூட்டையும் வைத்து ஐந்து வருடம் ஒப்பேற்றினேன், ஒருவரிடமும் சொல்லவில்லை. இந்த நோயில் கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே மோப்பம் போய்விடுவது உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

லண்டனில் ஜேம்ஸ் பார்கின்சன் என்ற வைத்தியர் 1817இல் இந்த நோயை விவரித்து எழுதினார். உள்ளே குறைவது எது என்று தெரிய மேலும் 140 வருடம் போல ஆகிவிட்டது. நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதியின் செல்கள் அழிந்துபோகின்றன. அவை தரும் டோபமின் என்ற இரசாயனம் வற்றுகிறது. டோபமினுக்கு மூளையில் தனி வேலை உண்டு என்று காட்டிய ஸ்வீடன்காரர் ஆர்விட் கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் என்ற வைத்தியர், டோபா என்ற மருந்தைச் சிறுகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றிக் கொடுத்து, எழ முடியாதவர்களை நடக்க வைத்தார். அதன் லெவோடோபா என்ற வடிவம்தான் இன்றும் பிரதான மருந்து. அது மூளைக்குள் போய் டோபமினாக மாறும். பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் வேறு வகை. அவை டோபமினாக மாறுவதில்லை. டோபமினைப் போல நடித்து அதன் பூட்டைத் திறக்கின்றன.

டோபமின் கைகாலை மட்டும் ஓட்டுவதில்லை. புதியதைத் தேடும் ஆசை, கிடைத்தால் வரும் இன்பம், இன்னும் ஒரு தடவை என்ற உந்துதல் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. நோயில் கைகாலுக்கான பாத்திதான் முதலில் காய்கிறது. ஆசைக்கான பாத்தியில் ஈரம் ஓரளவு மிஞ்சியிருக்கும். மாத்திரையோ இரண்டுக்கும் சேர்த்துத்தான் பாய்கிறது. காய்ந்த பாத்தி நனையும் அளவுக்குப் பாய்ச்சினால் பக்கத்துப் பாத்தி வழியும். இதுதான் ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கங்களில் எனக்குப் புரிந்தது.

வழிவது எல்லோருக்கும் ஒரே மாதிரி வழிவதில்லை. 2001இல் லண்டன் வைத்தியர்கள் இருவர், சிகிச்சை தொடங்கிய பிறகு கவிதை எழுத ஆரம்பித்த ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். டெல் அவிவில் ரிவ்கா இன்செல்பெர்க் என்ற நரம்பியல் பேராசிரியர், பண்டிகை நாள்களில் சாக்லேட் கொண்டுவந்து தரும் நோயாளிகள் தாங்களே செய்த கலைப்பொருள்களைக் கொண்டுவரத் தொடங்கியதைக் கவனித்தார். அவருடைய குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரை எடுக்கும் 27 நோயாளிகளையும் அதே வயதும் படிப்பும் உள்ள நோயில்லாத 27 பேரையும் வைத்துச் சோதித்தார்கள். சொற்களையும் உருவங்களையும் எதிர்பாராத விதமாக இணைத்து யோசிப்பதில் நோயாளிகள் முந்தினார்கள். 54 பேரை வைத்து உலகத்துக்கே முடிவு கட்ட முடியாது. அவர்கள் சோதித்ததும் யோசனையைத்தான். படத்தின் அழகை அன்று. என் ரோதைமுனிகளில் பாதிக்கு மேல் பார்க்கச் சகிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கொப்பி, இரண்டு பக்கம்

முதல் வேலை, ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது பெரிய நோட்டுப் புத்தகம், வாங்குங்கள். ஸ்டோரில் கொழுந்து வந்த நேரம், வாட ஆரம்பித்த நேரம், ரோலரில் போட்ட நேரம் என்று எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு. தேயிலை கெட்டுப்போனால் எந்த இடத்தில் கெட்டது என்று அதைப் புரட்டித்தான் பார்ப்போம். உடம்புக்கும் அதே முறைதான். என் கொப்பியில் ஒரு நாள்:

"காலை 6.00 மாத்திரை, தண்ணீர். 6.45 கை இளகியது. 7.00 தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல். 7.30 முதல் 8.50 வரை டெவன் நீர்வீழ்ச்சிப் படம், பாதி முடிந்தது. 10.30 மாத்திரை. 10.40 மச்சான் கொண்டுவந்த பருப்பு வடை, மூன்று. 11.50 இன்னும் கை இளகவில்லை."

வடை செய்த வேலை அது. பருப்பு, கருவாடு, முட்டை, இறைச்சி ஆகியவற்றின் புரதமும் லெவோடோபாவும் குடலிலிருந்து உள்ளே போக ஒரே வாசலில் முண்டுகின்றன. சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணிக்குப் பின்போ மாத்திரையைப் போடுவது நல்லது. இரும்புச் சத்து மாத்திரையையும் அதனுடன் சேர்த்து விழுங்கக் கூடாது. இந்தக் கொப்பி இல்லாமல் இருந்திருந்தால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்லி அளவைக் கூட்டக் கேட்டிருப்பேன்.

ஆனால் கொப்பியின் இடப்பக்கம் மட்டுமே என்னுடையது. வலப்பக்கம் மனைவியுடையது. அதில் அவள் எதை எழுதினாலும் நான் திருத்தக் கூடாது, அதற்காகச் சண்டை பிடிக்கவும் கூடாது. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வழிந்து ஓடும்போது, நனைகிறோம் என்று நனைகிறவனுக்குத் தெரிவதில்லை. ரோதைமுனி இரவில் இடப்பக்கம் என் கையெழுத்தில், "11 மணி வரை வரைந்தேன், மனம் நிறைவு" என்று இருக்கிறது. வலப்பக்கம் அவள்: "2.10. மூன்று தடவை கூப்பிட்டேன். தலை நிமிரவில்லை. ராச்சாப்பாடு மூடினபடி இருக்கிறது." நான் பொய் எழுதவில்லை. எனக்கு அது பதினொரு மணியாகத்தான் இருந்தது.

இன்பமா, பிடியா

புதிதாக வந்த கலையைக் கண்டதும் வைத்தியரிடம் ஓட வேண்டாம். முதலில் அதைச் சந்தோஷமாகப் பாருங்கள். பத்து வருடமாகக் குறைந்துகொண்டே போகும் ஒருவனுக்கு ஏதோ ஒன்று கூடி வருவது சின்ன விஷயமன்று. அதே நேரத்தில் சிலவற்றைக் கவனியுங்கள்.

சாப்பிடக் கூப்பிட்டால் எழ முடிகிறதா? சலித்துக்கொண்டு எழுவது பரவாயில்லை; நாடகம் பார்க்கும்போது கூப்பிட்டால் எவரும் சலித்துக்கொள்வார்கள். எழவே முடியாமல் போவதும் எழுப்பியவர் மேல் பாய்வதும் வேறு. இன்றைய படம் நேற்றைய படத்திலிருந்து மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். என் முதல் பத்து ரோதைமுனிகள் ஒவ்வொன்றும் வேறு முகம். பதினைந்துக்குப் பிறகு எல்லாம் ஒரே சாமி, ஒரே கோணம், ஒரே மீசை. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது, ரேடியோவைக் கழற்றிப் பூட்டுவது, பொத்தான்களைப் பிரித்து அடுக்கிக் கலைத்து மறுபடி அடுக்குவது ஆகியவை இந்த மருந்துகளால் வரக்கூடியவை என்று வைத்திய உலகத்துக்கு நன்றாகத் தெரியும். தூக்கம் எத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள். எதையாவது ஒளிக்கிறாரா என்று பாருங்கள்.

நான் ஒளித்தது படத்தை அன்று, லொத்தர் சீட்டை.

வரைய ஆரம்பித்த அதே காலத்தில், டவுனுக்குப் போகும்போதெல்லாம் ஒரு சீட்டு வாங்கினேன். பிறகு இரண்டு. பிறகு சீட்டு வாங்குவதற்காகவே டவுனுக்குப் போனேன். மழைக்கோட்டின் உட்பையில் ஒரு நாள் 46 சீட்டுகள் இருந்ததை மனைவி எண்ணி, ரப்பர் வளையம் போட்டு, மேசையில் என் பென்சில் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. ஆயுளில் சீட்டாட்டத்துக்குக்கூட உட்காராதவன் நான். அவளுக்குத் தெரியாமல் அவளுடைய வளையல் ஒன்றும் அடகுக் கடைக்குப் போயிருந்தது; அதை அன்றிரவே சொல்லிவிட்டேன்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், பிரமிபெக்ஸோல் வகை மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்குச் சூதாட்டம், அளவில்லாமல் பொருள் வாங்குவது, அளவில்லாமல் தின்பது, காம இச்சை மிகுதல் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. அந்த வகையை எடுக்காத நோயாளிகளில் அது நூற்றுக்கு 7 பேர். மாத்திரை எழுதித் தந்த இடத்தில் இதை எனக்கு எவரும் சொல்லவில்லை. கூட்டம் நிறைந்த கிளினிக்கில் ஒருவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வாக்கியத்துக்கு நேரம் இருந்திருக்கும். அதனால் நீங்களாகவே கேளுங்கள். காமம் பற்றிய பகுதியை வீட்டார் வெட்கப்பட்டு விழுங்கிவிடுவார்கள். அதையும் வைத்தியரிடம் சொல்லத்தான் வேண்டும். வாயால் சொல்ல முடியாவிட்டால் கொப்பியில் எழுதிக் காட்டலாம்.

பணத்துக்கு உடனே ஒரு ஏற்பாடு செய்யுங்கள். வங்கிப் புத்தகமும் அட்டையும் மனைவியிடம் போயின. என் கையில் வாரத்துக்கு ஒரு சிறு தொகை. இந்த வயதில் கைச்செலவுக்குக் காசு வாங்கும்போது ரோஷம் வந்தது. வளையல் ஞாபகமும் வந்தது.

நிறுத்தாதீர்கள், கூட்டாதீர்கள்

லொத்தர் விவகாரம் தெரிந்ததும் மருமகன் தொலைபேசியில், "மாமா, அந்த மாத்திரையை நாளையிலிருந்து விட்டுவிடுங்கள்" என்றார். நல்ல மனது, பிழையான யோசனை. நான் எடுத்த பிரமிபெக்ஸோல் வகை மாத்திரையைச் சட்டென்று விட்டால் பதற்றமும் மனச்சோர்வும் வாட்டும். லெவோடோபாவைச் சட்டென்று விட்டால் உடம்பு விறைத்துக் காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கொப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த தவணைக்குக் காத்திராமல் போனோம். வைத்தியர் வலப்பக்கத்தை மட்டும்தான் படித்தார். பிரமிபெக்ஸோலைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். லெவோடோபாவின் நேரங்களை மாற்றினார்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. வரைவது நன்றாக வருகிறதே என்று இன்னும் அரை மாத்திரை போட்டுக்கொள்ளும் ஆசை எனக்கு இருந்தது. கலைக்காக மாத்திரை கூட்டுவது, வாசத்துக்காக ஸ்டோரை எரிப்பது போன்றது. இன்னொன்று, பூனைக்காலி விதைப்பொடி. தோட்டத்தில் யாராவது ஒருவர் இந்த நோய்க்கு நல்லது என்று அதைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து தருவார். அது வெறும் நம்பிக்கை மட்டுமன்று. 1937இல் சென்னை ஆய்வாளர்கள் அந்த விதையிலிருந்து லெவோடோபாவையே பிரித்தெடுத்தார்கள். அதனால்தான் ஆபத்து. மாத்திரைக்கு மேல் அளவு தெரியாத இன்னொரு மாத்திரை அது. வைத்தியரிடம் சொல்லாமல் தொடாதீர்கள்.

மாத்திரையோடு படமும் போய்விடுமா என்பதுதான் என் பயம். வைத்தியரிடம் நான் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூளைக்குள் மின்முனை வைக்கும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மாத்திரை குறைந்து, அதோடு வரைவதையும் விட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் டெல் அவிவ் ஆய்வில், படைப்பாற்றல் கூடுவதும் கட்டுப்பாடு இழப்பதும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கவில்லை. எனக்கு நடந்தது இரண்டுக்கும் நடுவில். ஒன்றரை மாதம் பென்சிலைத் தொடவே மனம் வரவில்லை. பிறகு வந்தது, மெதுவாக. முன்பு இரவுக்கு ஐந்து படம்; இப்போது வாரத்துக்கு ஒன்று. இப்போது அழிப்பான் தேய்கிறது. முன்பு அது புதிதாகவே கிடந்தது.

கைக்கு வசதி செய்துகொடுங்கள்

மாத்திரை போட்டு முக்கால் மணியில் கை இளகும்; அடுத்த மாத்திரைக்கு முன் மறுபடி இறுகும். நடுவில் கிடைக்கும் நேரம்தான் வரையும் நேரம். அது எனக்குக் காலையில்தான் நீளம். இரவில் வரைந்தது ஆசையின் வேலை, கையின் வேலை அன்று.

பென்சில் தடிமனாக இருக்க வேண்டும். சைக்கிள் டியூபில் நாலு விரல் நீளம் வெட்டி, பென்சிலில் சுற்றி நூலால் கட்டிவிட்டேன். கடையில் விற்கும் பிடிகளைவிட இது வழுக்காது. தாளின் நாலு மூலையையும் டேப்பால் மேசையில் ஒட்டுங்கள். இடக்கை நடுங்கித் தாளை இழுத்துக்கொண்டு போகாது. இந்த நோயில் எழுத்து போகப் போகச் சிறுத்து எறும்பு வரிசையாகிவிடும். தாளில் முதலில் அகலமாக இரண்டு கோடு போட்டு, அந்தக் கோட்டைத் தொட்டே ஆக வேண்டும் என்று எழுதினாலும் வரைந்தாலும் அளவு நிற்கிறது. வாட்டர் கலர் வேண்டாம், கிண்ணம் கவிழும். மெழுகுக் கலர் போதும்.

நடைக்கும் இந்த வித்தை உதவியது. குசினி நிலைப்படியில் என் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். எத்தனை இழுத்தாலும் வராது. மனைவி அந்த இடத்தில் கோலமாவால் குறுக்குக்கோடுகள் போட்டாள், ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கோடு. கோட்டைத் தாண்டு என்றால் தாண்டுகிற கால், நட என்றால் நடப்பதில்லை. கண்ணுக்குக் கோடு மாதிரி காதுக்குத் தாளம். மச்சான் தோட்டத்தில் ஆடும் காமன் கூத்துக்குத் தப்புப் பறை அடிக்கிறவர். ஒரு நாள் நான் வாசலில் உறைந்து நிற்பதைப் பார்த்து, நாற்காலி முதுகில் விரலால் தட்ட ஆரம்பித்தார். மூன்றாம் தட்டில் கால் எழுந்தது. இப்போது அந்தத் தாளத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். வெளிநாட்டுக் கிளினிக்குகளில் இதே வேலைக்குத் தாளக்கருவி வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

எங்கள் வீட்டுச் சட்டம் இப்போது ஒன்றுதான். இரவு ஒன்பதரைக்குப் பென்சில் டப்பா அரிசிப் பெட்டிக்குள் போகும், பெட்டிமேல் அவள் அம்மிக் குழவியை வைப்பாள். குழவியைத் தூக்கும் பலம் எனக்கு இருக்கிறது. சத்தமில்லாமல் தூக்கும் பலம்தான் இல்லை.

இந்த மாசியில் காமன் கூத்துக்குப் பின்திரை வரைந்து தரும்படி தோட்டத்துப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். ரதியும் மன்மதனும், எட்டடித் துணி. காலை நேரத்தில் மட்டும், மச்சான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் என்று மனைவி நிபந்தனை போட்டாள். வேலை தொடங்கிப் பன்னிரண்டு நாளாகிறது. நேற்று மட்டும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால் இரவிலும் கொஞ்சம் உட்கார்ந்தேன். வலப்பக்கத்தில் அவள் எழுதியது: "9.20. கூப்பிடவில்லை. தானாகவே எழுந்தார். ரதிக்கு ஒரு கண் பாக்கி."